ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1

ஈவி1 என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996 முதல் 1999 வரை உருவாக்கிய, முழுவதும் மின்கலத்தால் இயங்கும், இருவர் அமரக்கூடிய தானுந்து ஆகும். மொத்தம் 1,117 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன. இவை எவருக்கும் விற்கப்படவில்லை. குத்தகைக்கு மட்டுமே விடப்பட்டன. 2003 ஆம் ஆண்டில் நிறுவனம் திட்டத்தை நிறுத்தி வண்டிகளைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நொறுக்கியது. இவ்வண்டியை ஓட்டியவர்களின் கருத்துக்கும் உருவாக்கிய நிறுவனத்தின் கருத்துக்கும் இடையே எழுந்த முரண்பாடு, மின்தானுந்து, கலப்புத் தானுந்து, பெட்ரோல் தானுந்து ஆகியவற்றைப் பற்றிப் பின்னர் நடந்த விவாதங்களுக்கெல்லாம் முன்னோடியாக அமைந்தது.

பின்னணி

1987 இல் ஆசுத்திரேலியாவில் நடந்த சூரிய ஆற்றல் வண்டிப் போட்டியில் ஜெனரல் மோட்டார்சின் சன்ரேசர் வண்டி வென்றது. அதை வடிவமைக்க உதவிய ஏரோவைரன்மென்ட் நிறுவனத்துடன் சேர்ந்தே இம்பாக்ட் என்னும் மின்தானுந்து மாதிரியும் உருவாக்கப்பட்டு, சனவரி 1990 இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது. மின்னணுச் சுற்றுகளை வடிவமைத்தவர் ஆலன் கோக்கோனி.

இதைக் கண்ட கலிபோர்னியா காற்று வள வாரியம், இத்தகைய வண்டி இயலக்கூடியதே என முடிவு செய்து, அதே ஆண்டில் ஒரு விதியை இயற்றியது. அம்மாநிலத்தில் வண்டி விற்கும் ஏழு பெரிய நிறுவனங்கள் 1998 இல் தம் விற்பனையில் 2 விழுக்காட்டையும், 2001 இல் 5 விழுக்காட்டையும், 2003 இல் 10 விழுக்காட்டையும் புகையே வெளியிடாத வண்டிகளாக விற்க வேண்டும் என்பது அவ்விதி. தன் மாதிரி வண்டியே தனக்கு எதிரான சட்டத்துக்குக் காரணமாகும் என நிறுவனம் எதிர்பார்த்திருக்காது. 1996 இல் வாரியம் விதியைத் தளர்த்தி, 2003 ஆம் ஆண்டின் 10 விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்தது.

அமைப்பு

முதல் தலைமுறை வண்டிகளில் 26 ஈய-அமில மின்கலங்கள் இருந்தன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 16.5 கிலோவாட் மணி; எடை அரை டன்னுக்கும் மேல். 102 கிலோவாட் திறனுள்ள மாறுமின்னோட்டத் தூண்டல் மின்னோடி முன்சக்கரங்களை இயக்கியது. காற்றுத்தடைக் கெழு 0.19 மட்டுமே, அக்காலத்துச் சாதாரண வண்டிகளுக்கு இது 0.3 அளவில் இருந்தது. உச்ச வேகம் மணிக்கு 129 கிமீ என மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

மின்னேற்றம் தூண்டல் முறையில் நடந்தது. துடுப்பு போன்ற நெகிழித் தகடு ஒன்றை வண்டியின் முன்புறத் துளையில் செருக வேண்டும். உலோக முனைகள் வெளியே தெரியாததால் மழையிலும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

1999 இல் வந்த இரண்டாம் தலைமுறையில் நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலங்களும் பொருத்தப்பட்டன. 26.4 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்ட இவை, ஓட்டும் முறையைப் பொறுத்து 160 முதல் 225 கிமீ வரை வண்டியைச் செலுத்தின. ஈய-அமில வண்டிகளுக்குச் சொல்லப்பட்ட தொலைவு 112 முதல் 160 கிமீ ஆகும்.

இங்கு ஒரு கணக்கு நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. எனவே முதல் தலைமுறை ஈவி1 சுமந்த அரை டன் மின்கலங்களிலிருந்த ஆற்றல் முழுவதும் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குக் கூட ஈடாகாது. அவ்வளவு ஆற்றலைக் கொண்டு வண்டி நூறு கிமீ அளவு ஓடியது. மின்கலம் ஆற்றலைச் சேமிப்பதில் மிகப் பின்தங்கியது, மின்னோடி அதைச் செலவழிப்பதில் மிகச் சிக்கனமானது. ஓட்டுநர்களின் பாராட்டும் குறையும் பெரும்பாலும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பிறந்தவை.

ஓட்டுநர்களின் கருத்துகள்

5 திசம்பர் 1996 அன்று லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, பீனிக்ஸ், டூசான் ஆகிய நகரங்களில் குத்தகை தொடங்கியது. நான்குமே வெப்பமான ஊர்கள். குளிரில் ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவு குறைந்துவிடும் என்பதால் வட மாநிலங்களில் இவ்வண்டி ஓட்டியவர்களின் கருத்து எப்படியிருந்திருக்கும் என்பது சோதிக்கப்படவே இல்லை.

விரும்பியவர்கள் முதலில் குறிப்பிட்டது வண்டியின் அமைதியும் விரைவும் ஆகும். மின்னோடி நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையைத் தருவதால், சைகை விளக்கு மாறியவுடன் பல பெட்ரோல் வண்டிகளை இது முந்தியது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கிமீ வேகத்தை 9 நொடிகளுக்குள் எட்டியது. பற்சக்கர மாற்றம் இல்லை. உயவெண்ணெய் மாற்ற வேண்டியதில்லை. வேகம் குறையும்போது மின்னோடியே மின்னாக்கியாக மாறி ஆற்றலை மீட்பதால் தடைக்கட்டைகளின் தேய்மானமும் குறைவு. இரவில் வீட்டில் செருகிவிட்டால் காலையில் முழு மின்னேற்றத்துடன் வண்டி நிற்கும். எரிபொருள் நிலையத்துக்குப் போகும் வழக்கமே மறந்துவிட்டது என்பது இவர்களின் பொதுவான கூற்று.

குறை கூறியவர்கள் சொன்னவையும் பொய்யல்ல. இரண்டே இருக்கைகள் என்பதால் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது இரண்டாவது வண்டியாகவே இருக்க முடியும். பெட்ரோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும், இதற்கோ 6.6 கிலோவாட் மின்னேற்றியிலும் பல மணி நேரம் வேண்டும். மேட்டுநிலச் சாலையிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் செல்தொலைவு சட்டெனக் குறைந்தது. அளவுமானியைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் இந்த மனநிலைக்கு ஆங்கிலத்தில் 'ரேஞ்ச் ஆங்சைட்டி' என்னும் பெயர் 1997 இல் சான் டியேகோவின் வணிக இதழ் ஒன்றில், ஈவி1 ஓட்டுநர்களைப் பற்றிய செய்தியிலேயே இடம்பெற்றது. தமிழில் இதைச் செல்தொலைவு அச்சம் எனலாம். 2010 இல் ஜெனரல் மோட்டார்ஸ் இச்சொற்றொடரைத் தன் வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தது.

மின்சாரம் எரிபொருளால்தானே ஆக்கப்படுகிறது, புகை இடம் மாறுகிறதே தவிர மறையவில்லை என்ற வாதமும் எழுந்தது. நிலக்கரியை மிகுதியாக நம்பும் இடங்களில் இதற்கு வலு உண்டு. கலிபோர்னியாவின் மின்சாரத்தில் அப்போது இயற்கை எரிவாயு, நீர், அணு ஆகியவற்றின் பங்கே பெரிதாக இருந்தது. மேலும், பெட்ரோல் பொறி எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு அளவையே சக்கரங்களுக்குத் தருகிறது.

கலப்புத் தானுந்துகளுடன் ஒப்பீடு

ஈவி1 சாலையில் இருந்தபோதே கலப்புத் தானுந்துகள் வந்துவிட்டன. டொயோட்டா பிரியஸ் திசம்பர் 1997 இல் சப்பானிலும், 2000 இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. செருக வேண்டியதில்லை, ஐந்து பேர் அமரலாம், செல்தொலைவு அச்சம் இல்லை என்பதால் பலர் இதையே நடைமுறைக்கு ஏற்றதாகக் கருதினர். மின்தானுந்து ஆர்வலர்களோ, இவ்வண்டியின் ஆற்றல் முழுவதும் இறுதியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது என்றனர். இக்கூற்று சரியானதே. இக்குறையைப் போக்க 2004 இல் கலிபோர்னியாவின் கால்கார்ஸ் குழுவினர் பிரியசில் கூடுதல் மின்கலங்களைப் பொருத்தி, வீட்டில் மின்னேற்றக்கூடியதாக மாற்றினர்.

பிரியஸ் ஓட்டுநர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. 2004 ஆம் ஆண்டு வண்டிக்கு நகர்ச்சாலையில் கேலனுக்கு 60 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிமீ, என அரசு முத்திரை இருந்தது. அதை எட்ட முடியவில்லை எனப் பலர் முறையிட்டனர். 2008 மாதிரி ஆண்டிலிருந்து சோதனை முறை திருத்தப்பட்டபோது அதே வண்டிக்கான அளவு 48 மைலாகக் குறைந்தது. வண்டி மாறவில்லை, அளவுகோலே மாறியது.

திட்டத்தின் முடிவு

2002 இல் சில வண்டி நிறுவனங்கள் கலிபோர்னிய விதிக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. அமெரிக்க நடுவண் அரசும் அவற்றை ஆதரித்தது. 2003 இல் வாரியம் விதியை மீண்டும் தளர்த்தியது.

குத்தகை முடிந்ததும் வண்டிகளைத் திருப்பித் தருமாறு ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது. 58 ஓட்டுநர்கள் காசோலையுடன் கடிதம் எழுதி, பழுதுச் செலவையும் தாமே ஏற்பதாகக் கூறிக் குத்தகையை நீட்டிக்கக் கோரினர். காசோலைகள் திரும்பி வந்தன. உதிரிப்பாகங்கள் செய்தோர் உற்பத்தியை நிறுத்திவிட்டனர், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க இயலாது என்பது நிறுவனத்தின் விளக்கம். முதல் தலைமுறை வண்டிகளை மின்னேற்றத் துளையில் தீப்பிடிக்கக்கூடும் என்று 2000 இல் திரும்பப் பெற நேர்ந்ததை எண்ணினால் இதை வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

சூலை 2003 இல் ஓட்டுநர்கள் ஆலிவுட் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஈவி1க்கு இறுதிச் சடங்கு நடத்தினர். 2005 தொடக்கத்தில் பர்பேங்கில் நிறுத்தப்பட்டிருந்த 78 வண்டிகளைக் காக்க இரவு பகலாகக் காவலிருந்தனர். ஒவ்வொன்றுக்கும் 24,000 டாலர் வீதம் தர அவர்கள் முன்வந்ததும் ஏற்கப்படவில்லை. சுமையுந்துகளை மறித்தோர் கைது செய்யப்பட்டனர். வண்டிகள் நொறுக்கக் கொண்டு செல்லப்பட்டன. டொயோட்டா எதிர்ப்புகளுக்குப் பின் தன் ஆர்ஏவி4 மின்வண்டிகளில் எஞ்சியவற்றை ஓட்டுநர்களிடமே விட்டுவைத்தது.

எத்தனை பேர் உண்மையில் விரும்பினர் என்பதே முரண்பாட்டின் மையம். காத்திருப்போர் பட்டியலில் இருந்த 5,000 பேரில் 50 பேரே குத்தகை எடுக்க முன்வந்தனர் என நிறுவனம் கூறியது. வண்டியின் குறைகளைச் சொல்லி மனத்தைக் கலைத்த பிறகு கேட்டால் எவர்தான் முன்வருவர் என்று ஓட்டுநர் தரப்பு மறுத்தது. கிறிஸ் பெய்ன் இயக்கி 2006 இல் வெளிவந்த "மின்தானுந்தைக் கொன்றது யார்?" என்னும் பொருள்படும் ஆவணப்படம் இவ்வாதத்தை உலகறியச் செய்தது. ஓட்டியவர்களின் மனநிறைவும் ஓட்டாதவர்களின் தயக்கமும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடியவை அல்ல என்பதால், இரு தரப்பும் தத்தம் எண்களில் உறுதியாக நின்றதில் வியப்பில்லை.

பின்னாளில்

நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ரிக் வாகனர், ஈவி1 திட்டத்தைக் கைவிட்டு, கலப்புத் தானுந்துகளுக்கும் உரிய முதலீடு செய்யாததே தாம் எடுத்த மிக மோசமான முடிவு என 2006 இல் கூறினார். நிறுவனத்தின் செருகுக் கலப்புத் தானுந்தான செவர்லே வோல்ட் 2010 திசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2016 திசம்பரில் வந்த செவர்லே போல்ட், 60 கிலோவாட் மணி மின்கலத்துடன் 383 கிமீ ஓடக்கூடியது.

ஈவி1களில் 40 அளவிலானவை இயக்கம் முடக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கப்பட்டன. முழுமையான வண்டி ஒன்று வாசிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனத்திடம் உள்ளது.