போடி ரயிலும் கம்பிக்குக் காவலிருக்கும் ஆளும்

போடி ரயில் என்று சொன்னால் நம் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மதுரையில் புறப்பட்டு உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று 90 கிலோமீட்டரை ஆடி அசைந்து வந்து சேரும் மீட்டர்கேஜ் வண்டி அது. 1928-இல் திறந்த பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியோடு வண்டியை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் அகலப்பாதை ரயில் வந்து சேர்ந்தது. அதன்பின் தலைக்கு மேலே மின்கம்பியும் வந்தது.

ரயிலைப் பற்றி எழுத இந்த மலரில் பலர் இருப்பார்கள். நான் எழுத வந்தது அந்தக் கம்பியைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்தக் கம்பியில் எப்போது மின்சாரம் இருக்கலாம், எப்போது இருக்கவே கூடாது என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற ஆளைப் பற்றி.

ரயில்வேயில் அவருக்கு டிராக்ஷன் பவர் கண்ட்ரோலர் என்று பெயர். சுருக்கமாக டி.பி.சி. ஸ்டேஷன் மாஸ்டரை நமக்குத் தெரியும். எஞ்சின் டிரைவரைத் தெரியும். டிக்கெட் பரிசோதகரை, மாணவப் பருவத்தில், ரொம்ப நன்றாகவே தெரியும்! டி.பி.சி.யை மட்டும் பயணிகளில் ஒருத்தருக்கும் தெரியாது. கோட்ட அலுவலகத்தின் கண்ட்ரோல் அறையில், இரவு பகல் என்று ஷிப்ட் மாற்றி மாற்றி, ஒரு நிமிஷம்கூடக் காலியாக இல்லாத நாற்காலி அவருடையது.

இந்த வேலைக்கு நம் மாநிலத்தில் வயது நூற்றாண்டுக்கு மேல். 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான்; கல்கத்தாவுக்கே 1902-இல்தான் மின்சார டிராம் வந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு 1895 என்றால் வேறு ஒன்று ஞாபகம் வரும்: அதே வருஷம் அக்டோபரில்தான் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. சென்னை டிராமுக்கு ஆரம்பத்தில் மின்சாரம் மேலே கம்பியில் வரவில்லை. சாலையின் அடியில் ஒரு குழிப்பாதை வெட்டி அதற்குள் வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. சென்னை மழைக்கு அது தாங்குமா? கடைசியில் கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்கள். மின்சாரத்தை எங்கே வைப்பது, எப்படி நிறுத்துவது என்ற கவலை அன்றைக்கே தொடங்கிவிட்டது. டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது.

ரயிலுக்கு மின்சாரம் என்பது இந்தியாவில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் விக்டோரியா டெர்மினஸ் – குர்லா இடையே தொடங்கியது. அடுத்த ஆறு வருஷத்தில், 1931-இல், சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடியது. இரண்டுமே 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டி.சி. அதில் ஒரு சங்கடம். வோல்டேஜ் குறைவு என்றால் அதே சக்திக்கு ஆம்பியர் கூடும். இன்றைய 6,000 குதிரைசக்தி எஞ்சின் ஒன்றை 1,500 வோல்ட்டில் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3,000 ஆம்பியர் கம்பியில் ஓட வேண்டும். கம்பி கனமாக வேண்டும், சில மைல்களுக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். புறநகருக்குச் சரிப்படும். மதுரைவரை, போடிவரை இழுத்துக்கொண்டு வரக் கட்டுப்படியாகாது.

ஆகவே 1957-இல் இந்திய ரயில்வே, பிரான்ஸ் நாட்டு அனுபவத்தைப் பார்த்து, 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறத் தீர்மானித்தது. 1960-களின் நடுவில் தாம்பரம் – விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதைக்கு அது வந்தது. பழைய கடற்கரை – தாம்பரம் பாதையையும் இந்த முறைக்கு மாற்றினார்கள். மேலே சொன்ன 3,000 ஆம்பியர் இதில் இருநூறுக்குள் அடங்கிவிடும். துணைமின் நிலையங்களும் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி அமைந்தன. இடையில் இருக்கும் ஸ்விட்ச் நிலையங்களில் ஆள் கிடையாது. ஆள் இல்லாத இடத்து ஸ்விட்சை யாராவது தூரத்திலிருந்து போட வேண்டுமே! அங்கேதான் இன்றைய டி.பி.சி. பிறந்தார். முதலில் சுவர் நிறையப் பாதையின் படம் வரைந்த பெரிய பலகை, அதில் சின்னச் சின்ன விளக்கு, சாவி. இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள் போய்விட்டது. பலகை போனாலும் வேலையின் சாரம் மாறவில்லை.

அவருக்கு முன்னால் பாதை ஒரே கம்பியாகத் தெரியாது, துண்டு துண்டாகத் தெரியும். மாநில மின்வாரியத்தின் உயர் அழுத்த லைனிலிருந்து, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 110 கிலோவோல்ட், ரயில்வே துணைமின் நிலையம் மின்சாரம் வாங்கும். மின்வாரியத்தில் மூன்று பேஸ். ரயில் கம்பிக்கு ஒன்றே போதும். எல்லா நிலையமும் ஒரே பேஸில் இழுத்தால் மின்வாரியத்தின் லைன் ஒருபக்கமாகச் சாயும். அதனால் இந்த நிலையம் ஒரு பேஸ், அடுத்தது வேறு பேஸ் என்று மாற்றி வைப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத சின்னத் துண்டுக் கம்பி ஒன்று விட்டிருப்பார்கள். டிரைவர் அங்கே எஞ்சின் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடுகிற வேகத்திலேயே கடந்து, மறுபடி போடுவார். ஏ.சி. இல்லாத பெட்டியில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

இனி இந்த வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். கம்பியைப் பழுதுபார்க்க ஆட்கள் ஏணி வண்டியோடு போகிறார்கள். அவர்கள் தொடப்போகிற கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், இரண்டு மீட்டருக்குள் போனாலே ஆபத்து என்பது ரயில்வே சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். டி.பி.சி. முதலில் பக்கத்திலிருக்கும் ரயில் ஓட்டக் கண்ட்ரோலரிடம் பேசி வண்டி இல்லாத நேரம் வாங்குவார். பிறகு அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கமும் மின்சாரத்தைத் துண்டித்து, போனில் பர்மிட் கொடுப்பார். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், நான் லைன்ல இருக்கேன். பவர் பிளாக் எப்ப கிடைக்கும்?”

“இந்தா ஆஃப் பண்ணிட்டேன். எழுதிக்கோங்க. எந்தக் கம்பத்துலேர்ந்து எந்தக் கம்பம்வரைன்னு திருப்பிப் படிங்க… சரி. உங்க நம்பர் சொல்லுங்க.”

“நாற்பத்தேழு.”

“என்னோடது எண்பத்திரண்டு.”

இந்த நம்பருக்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். இரண்டு பேர் கையிலும் முன்கூட்டியே அச்சிட்ட நம்பர்த் தாள் இருக்கும். வரிசை இல்லாமல் கலைந்து கிடக்கும் எண்கள். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும். பேசியது உரிய ஆள்தான், பேச்சு முழுதாக முடிந்தது என்பதற்கு இதுதான் அத்தாட்சி. வேலை முடிந்ததும் பர்மிட் வாங்கிய அதே ஆள், தன் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், கருவி எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லி, மறுபடி நம்பர் மாற்றிக்கொண்டு பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் டி.பி.சி. கம்பிக்கு உயிர் கொடுப்பார். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி, எக்ஸ்பிரஸ் வெளியே நின்று ஹாரன் அடித்தாலும் சரி, அந்த ஒரு நம்பர் வராமல் அவர் கை நகரக்கூடாது. எத்தனை கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த நம்பர் முறையை ஒழிக்காமல் வைத்திருக்கிறார்களே, அதில்தான் எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை.

ஆஃப் பண்ணினால் மட்டும் கம்பி செத்துவிடாது என்பதையும் மாணவத் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துத் தடத்தின் கம்பியில் ஓடும் மாறுமின்சாரம் இந்தக் கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். பாடப்புத்தகத்தில் இண்டக்ஷன் என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அதேதான். ஆளைக் கொல்லப் போதுமானது. அதனால்தான் வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்டித் தண்டவாளத்தோடு இணைத்த பிறகே ஏணியில் கால் வைப்பார்கள். கழற்றும்போது ஆட்கள் இறங்கின பிறகு எர்த், எர்த்துக்குப் பிறகு பர்மிட்.

மீதி நேரமெல்லாம் டி.பி.சி.க்கு வருவது பிரேக்கர் விழும் சத்தம். நம் தேனிப் பக்கத்தில் ஆனி ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லவா வேண்டும்! ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தானே. ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், பிரேக்கர் விழும். மட்டை எரிந்து கீழே விழுந்துவிட்டால், திரும்பப் போட்டதும் நிற்கும். மறுபடி விழுந்தால் கம்பியில் ஏதோ நிலையாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று சோதித்து, கெட்ட துண்டை மட்டும் ஒதுக்குவார். பல்லில் வலி எங்கே என்று டாக்டர் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

போடி முனைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நடுவழிப் பாதையில் ஒரு துணைமின் நிலையம் படுத்துவிட்டால் இந்தப் பக்கத்து நிலையமோ அந்தப் பக்கத்து நிலையமோ கைகொடுக்கும். போடியோடு ரயில்பாதை முடிகிறது. மேற்கே குரங்கணி, போடிமெட்டு, ஏலக்காய் மலை. அங்கிருந்து ரயில் கம்பி எதுவும் வரப்போவதில்லை. உதவி கிழக்கேயிருந்து மட்டும்தான்.

மலையிலிருந்து ரயில் வராவிட்டாலும் சரக்கு வந்திருக்கிறது. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் கயிற்றுப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து வண்டி கட்டிப் போடி. மலையிலிருந்து மின்சாரமும் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் வயலுக்குப் பாய்ந்தாலும், லோயர் கேம்ப் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-களின் கடைசியில்தான். தலா 35 மெகாவாட் என்று நான்கு இயந்திரங்கள். கம்பத்துக்கு அப்பால் இத்தனை மின்சாரம் பிறந்தும், நம் ரயில் மட்டும் முதலில் கரியையும் பிறகு டீசலையும் நம்பியே ஓடியது.

மின்ரயில் என்றால் மின்வாரியத்தோடு தலைவிதியும் சேர்ந்துவிடுகிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தபோது நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. டில்லி மெட்ரோவும் நின்றது. தென்னிந்தியா தப்பியது, அன்றைக்கு நம் தொகுப்பு வடக்கோடு முழுதாக இணையவில்லை. 2013 டிசம்பர் 31-இல் இணைந்துவிட்டது. அந்த மாதிரி நாளில் சுரங்கத்தில், பாலத்தில் எந்த வண்டி நிற்கிறது, மின்சாரம் கொஞ்சமாகத் திரும்பினால் எந்தத் துண்டுக்கு முதலில் கொடுப்பது என்பதெல்லாம் டி.பி.சி.யும் ரயில் கண்ட்ரோலரும் சேர்ந்து போடும் கணக்கு.

நம் மாணவர்கள் சிலர் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, டிகிரி முடித்துவிட்டு “அண்ணே, இ.பி.யில ஆள் எடுப்பாங்களா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரயில்வே தேர்வு வாரியம் எடுக்கும் ஜூனியர் இன்ஜினியர் பணியில் சேர்ந்து, லைனில் சில வருஷம் வெயிலில் நின்றவர்கள்தான் பின்னால் இந்த நாற்காலிக்கு வருகிறார்கள். ஏணியில் ஏறினவனுக்குத்தான் ஏணியில் நிற்பவனின் குரல் புரியும் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. 2015 ஜூன் 29 முதல் ஓடும் சென்னை மெட்ரோவிலும் இதே வேலை உண்டு; கோயம்பேட்டில் இருக்கும் இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தில். அங்கும் மேல்கம்பி, அங்கும் 25,000 வோல்ட்.

அடுத்த தடவை போடி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் தண்டவாளம் முடியும் இடத்தருகே நின்று கொஞ்சம் மேலே பாருங்கள். கம்பங்களில் எண் எழுதியிருக்கும். பர்மிட் கேட்டு லைனில் நிற்கும் ஆள் மதுரைக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவது அந்த எண்களைத்தான்.