அம்பும் சிறகும்

வில்லைப் பற்றி நம் முன்னோர் பாடியது மிகுதி. காண்டீவம், பினாகம், சார்ங்கம் என்று விற்களுக்குப் பெயரிட்டுப் போற்றினார்கள். அம்பைச் செய்தவனுக்கோ பெயரே வாய்க்கவில்லை. ஆயினும் வில்வித்தையின் மிக நுட்பமான வேலை அவன் கையில்தான் நடந்தது. அம்பின் அடியில் இறகு பொருத்தி, தண்டுக்கு ஊறு நேராவண்ணம் அவ்விறகை வடிவாக்கும் வேலையே அது.

இதனை அறியப் புகுவோர்க்குப் புனே நகரம் பொருத்தமான இடம். இங்குள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் 1917-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவெய்திய மகாபாரதச் செம்பதிப்பு அதன் அருஞ்செயல். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய சுவடிகளை ஒப்புநோக்கி அதனை உருவாக்கினர். தென்னாட்டுக் கிரந்தச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அதன் போர்ப் பருவங்களைப் படிப்பவர், நாரை இறகு கட்டிய அம்பு, கழுகிறகு கட்டிய அம்பு, மயிலிறகு கட்டிய அம்பு என்ற அடைமொழிகளை அடிக்கடி காண்பர். அவை வெறும் அணிகள் அல்ல. போர்வீரன் தன் அம்பை இறகு கொண்டே மதித்தான் என்பதற்குச் சான்றுகள்.

இறகு எதற்கு? நாணை விட்டகன்ற அம்பு நேராகச் செல்வதில்லை. வளைந்தும் நெளிந்தும் புறப்படுகிறது. அடிப்புறத்து இறகு காற்றில் தடைபட்டு வாலைப் பின்னே இழுத்து நிறுத்த, முனை முன்னே நோக்கிச் செல்கிறது. ஓர் அம்புக்குரிய இறகுகள் யாவும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுக்கப்படவேண்டும். இடமும் வலமும் கலந்தால் அவற்றின் வளைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கும், அம்பு நிலைதடுமாறும்.

வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேத நூல் இதற்கு இலக்கணமே வகுத்துள்ளது. நன்கு முற்றிய நாணலே தண்டுக்கு உரியது. காகம், அன்னம், மயில், கழுகு முதலிய பறவைகளின் இறகுகள் சிறந்தவை. ஓர் அம்புக்கு நான்கு இறகுகள். ஒவ்வொன்றும் ஆறு விரல் நீளம். கொம்பினால் அமைந்த சார்ங்க வில்லின் அம்புக்குப் பத்து விரல். இவற்றை நரம்பு நூலால் இறுகக் கட்டவேண்டும்.

நூல் அளவைச் சொல்கிறது. கைப்பக்குவத்தைத் தொழிலாளியே அறிவான். இறகின் நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, அடியைத் தேய்த்துத் தட்டையாக்கியபின் ஒட்டவேண்டும். நாணலுக்கும் மூங்கிலுக்கும் வலிமை தருவது நீண்டோடும் நார். கட்டியபின் கத்தியால் இறகைச் சீவும்போது கை சற்றே வழுவினால் அந்நார் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அக்கீறலிலேயே, நாண் தள்ளும் வேகத்தில் தண்டு முறியும். முறிந்த சிம்பு பகைவனை அன்று, வில் பிடித்த கையையே துளைக்கும்!

ஆதலின் ஒட்டுவதற்கு முன்னரே இறகை அளவாக நறுக்கிக்கொள்வது ஒரு முறை. ஒட்டியபின் கத்தரிப்பதாயின், கூரிய கத்தரிக்கோலைத் தண்டிலிருந்து விலக்கிப் பிடித்து, வெளிவிளிம்பை மட்டும் நறுக்கவேண்டும். காய்ச்சிய கம்பியை விளிம்பில் மட்டும் படவைத்து, அம்பை மெல்லச் சுழற்றிக் கருக்கி வடிவாக்குவதும் உண்டு. அப்போது சூடு தண்டைத் தீண்டினால் நார் கருகும், பசையும் இளகும். இறகின் முன்நுனியைச் சரிவாகத் தேய்த்து நூலால் மூடிக் கட்டினால், அது கையைக் கீறாது.

இங்கிலாந்தில் இத்தொழிலாளர் 1371-ஆம் ஆண்டிலேயே வில் செய்வோரிடமிருந்து பிரிந்து இலண்டனில் தனிச் சங்கம் கண்டனர். 1545-இல் ரோஜர் ஆஸ்கம் தம் வில்வித்தை நூலில் வாத்திறகின் சிறப்பை விரித்துரைத்தார். நம் நாட்டுத் தொழிலாளிக்கு வேறு வகைப் பெருமை கிட்டியது. மகாபாரதத்தின் சாந்தி பருவம் ஆறு குருமார்களைக் கூறுகிறது. அவர்களுள் ஒருவன் அம்பு செய்பவன். தன் வேலையில் ஆழ்ந்திருந்த அவன், அருகே அரசன் சென்றதையும் அறியவில்லை என்று பாகவதத்தின் பதினோராம் கந்தம் விளக்குகிறது. ஞானியர் இதனை மன ஒருமைக்கு உவமையாக்கினர். ஆனால் அவனுக்கோ அது அன்றாடத் தேவை. அரசனை நிமிர்ந்து பார்க்கும் அக்கணத்தில் கத்தி தண்டில் இறங்கினால், அவ்வம்பை நம்பிய வீரனின் கதி என்னாகும்?

இன்று புனேயில், 2001-இல் தொடங்கப்பெற்ற இராணுவ விளையாட்டுக் கல்விக்கழகத்தில் வில்வித்தையும் பயிற்றப்படுகிறது. இக்காலப் போட்டி அம்புகளுக்குக் கரியிழைத் தண்டும் பிளாஸ்டிக் சிறகும் வந்துவிட்டன. பொருள் மாறினும் வாலில் சிறகு வேண்டும் என்ற விதி மாறவில்லை. மராட்டிய மண்ணில் வாழும் தமிழன்பர்கள் அடுத்த முறை பாரதக் கதையைக் கேட்கும்போது, அருச்சுனனின் கையை மட்டுமன்றி, அவன் தூணியில் அம்பை நிரப்பிய பெயரறியாக் கைகளையும் நினைவுகூர்வது நன்று.