அரை விழுக்காட்டின் வரலாறு: டால்க் பவுடர், கல்நார், பினாங்கு

பவுடர் டப்பாவில் கல்நார் இருக்கிறதா என்ற கேள்விக்கு, எந்தக் கருவியால் தேடினார்கள் என்பதைப் பொறுத்தே அரை நூற்றாண்டாக விடை கிடைத்து வந்திருக்கிறது. கல்நார் கலந்த டால்க் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. கலப்பைக் கண்டுபிடிக்கும் வேலை யாரிடம் இருந்தது என்பதே இந்த வரலாற்றின் முடிச்சு.

டால்க் நீரேற்ற மெக்னீசியம் சிலிக்கேட். அது உருவாகும் அதே பாறைகளில் டிரெமோலைட், ஆந்தோஃபிலைட் போன்ற கல்நார் வகைகளும் ஊடோடிக் கிடப்பதுண்டு. சுரங்கத்தில் ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வந்துவிடலாம். 1976-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற 20 டால்க் பவுடர்களைச் சோதித்தார்கள். 10-இல் இவ்விரு கனிமங்களும் இருந்தன. அதே ஆண்டு அமெரிக்க அழகுப்பொருள் தொழில் சங்கம் தனக்கென ஒரு சோதனை முறையை வகுத்துக்கொண்டது. எக்ஸ் கதிர்ச் சோதனையில் கல்நார் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்த முறையின் கண்ணில் படாது. கிரிசோடைல் என்ற கல்நார் வகையை அது தேடவே இல்லை. 100 கிராம் டப்பாவில் ஏறக்குறைய அரை கிராம் நார் இருந்தாலும் ‘இல்லை’ என்று எழுதிவிட முடிந்தது.

இந்தக் காலத்தில் பினாங்கு என்ன செய்துகொண்டிருந்தது? தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயங்கத் தொடங்கியிருந்தது. அன்வார் பாசல் தலைமையில் உலகப் பயனீட்டாளர் அமைப்பின் ஆசிய அலுவலகமும் இங்கேயே செயல்பட்டது. ஒரு நாட்டில் தடைசெய்த பொருளை இன்னொரு நாட்டில் தள்ளிவிடுவதைத் தடுக்க, 1981-இல் ‘கன்சூமர் இன்டர்போல்’ என்ற எச்சரிக்கை வலை தொடங்கியது. மூன்றாம் உலகின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று என்பேன். ஆனால் அப்படியொரு வலை இயங்க, எங்காவது ஒரு தடையாணையோ திரும்பப்பெறும் அறிவிப்போ வேண்டும். டால்க் விஷயத்தில் அன்று அது எளிதில் கிடைக்கவில்லை. பவுடரில் கல்நார் எச்சரிக்கை அச்சிடக் கோரிய மனுவை 1986-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தள்ளுபடி செய்தது. தொழில் சங்கத்தின் முறையே அங்கு தொடர்ந்து செல்லுபடியானது.

நோயாய்வும் ஒரே திசையில் போகவில்லை. 1982-இல் ஹார்வர்டின் டேனியல் கிராமர், அந்தரங்க உறுப்பில் பவுடர் பூசும் பெண்களிடம் சூலகப் புற்று கூடுதலாக இருப்பதாகக் கண்டார். 2020-இல் இரண்டரை லட்சம் பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வோ, புள்ளியியல் நோக்கில் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ வகுப்பில் வைத்தது. கல்நார் கலந்த டால்க் அதற்கு முன்பே முதல் வகுப்பில் இருந்தது.

திருப்பம் 2019 அக்டோபரில் வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த ஜான்சன் பேபி பவுடர் டப்பா ஒன்றில் 0.00002 விழுக்காடு கிரிசோடைல் தென்பட, நிறுவனம் சுமார் 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. 1976-இன் எல்லையைவிட இது 25,000 மடங்கு நுண்ணியது. தன் மறுசோதனைகளில் கல்நார் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் 2022-இல் டால்க் பவுடரை உலகெங்கும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. சோள மாவுக்கு மாறியது.

மலேசியாவில் 2008 முதல் நடைமுறையிலுள்ள ஆசியான் அழகுப்பொருள் விதிகள் கல்நாரைத் தடைப் பட்டியலில் வைத்துள்ளன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டால்க் பவுடரில், மூக்கு வாய் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்ற குறிப்பு வேண்டும்; அது மூச்சில் தூசி ஏறுவதற்கான எச்சரிக்கை, கல்நாருக்கானதல்ல. சந்தைக்கு வருமுன் பொருளைப் பதிவுசெய்யும் முறை போய், நிறுவனமே அறிவித்து, பாதுகாப்புக்குத் தானே பொறுப்பேற்று, சான்றுக் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறை வந்தது. பினாங்கின் லிட்டில் இந்தியா கடையில் பவுடர் டப்பா வாங்குபவருக்கு, அந்தக் கோப்பில் எந்தச் சோதனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க இன்றும் வழியில்லை.