அணைந்த விண்மீனும் உரிந்த விண்மீனும்

மயிலாப்பூரில் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை அன்று எட்வர்ட் எலியட்ஸ் சாலை. அங்கே 'சந்திர விலாஸ்' வீட்டில் இளமையைக் கழித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் அவர் போட்ட கணக்கால் வெள்ளைக் குள்ளன் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அறிமுகம். மேலுறை உரிந்த விண்மீனான வெப்பத் துணைக்குள்ளனைப் பற்றித்தான் பேச ஆளில்லை. இது பெருங்குறை என்பேன்; இரண்டும் ஒரே குடும்பம்.

வெள்ளைக் குள்ளனில் உலை அணைந்துவிட்டது. பூமியளவு உருண்டைக்குள் சூரியனில் பாதிக்கு மேல் நிறை. அந்தப் பாரத்தைத் தாங்குவது நெருக்குண்ட எலக்ட்ரான்கள், சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் அவையும் தாங்கா; அதுவே சந்திரசேகர் எல்லை. துணைக்குள்ளனிலோ மையத்தில் ஹீலியம் எரிகிறது, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு. நிறை பெரும்பாலும் சூரியனில் 0.47 பங்கையொட்டி இருக்கும். ஏன் அந்த எண்? அது சிவப்பு ராட்சதனாக இருந்த காலத்தில் அதன் ஹீலியக் கருவைத் தாங்கியதும் அதே எலக்ட்ரான் நெருக்கம்தான். கரு ஏறக்குறைய அந்த நிறையை எட்டினால்தான் ஹீலியம் பற்றும். அந்தச் சமயத்தில் பக்கத்து விண்மீன் மேலுறையை உருவிவிட்டால், மெல்லிய ஹைட்ரஜன் தோலோடு, 20,000 முதல் 40,000 கெல்வின் வரை சூட்டில் நீலமாக நிற்கும். ஹீலியம் தீர்ந்தபின் அதுவும் வெள்ளைக் குள்ளனே.

வளிமண்டலத்தில்தான் வேறுபாடு சுவையானது. வெள்ளைக் குள்ளனின் ஈர்ப்பு கடுமை. கனமான தனிமங்கள் விரைவில் அடியில் படிந்துவிட, மேலே பெரும்பாலும் ஹைட்ரஜன் மட்டும். நிறமாலைக் கோடுகள் அகன்று பரவியிருக்கும். துணைக்குள்ளனில் ஈர்ப்பு சில நூறு மடங்கு குறைவு. அங்கும் ஹீலியம் கீழே இறங்குகிறது. ஆனால் உள்ளிருந்து பாயும் ஒளி சில உலோகங்களை மேலே தூக்கிப் பிடிக்கிறது. ஒரு துணைக்குள்ளனில் சிர்க்கோனியம் சூரியனில் உள்ளதைப்போல் சுமார் 10,000 மடங்கு எனக் கண்டு 2011-இல் அறிவித்தார்கள். வேறு சிலவற்றில் ஈயம் அதே கணக்கில். விண்மீன் முழுவதும் ஈயம் என்று எண்ணிவிடக் கூடாது. அது மேல்தோலில் திரண்ட படலம்.

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க சென்டாரஸ் மண்டலத்தில் சிடி-30 11223 என்ற இரட்டை விண்மீன் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்னையின் தெற்கு வானில் நன்றாக மேலேறி வரும். சூரியனில் பாதி நிறையுள்ள துணைக்குள்ளனும் முக்கால் நிறையுள்ள வெள்ளைக் குள்ளனும் சுமார் 70 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன. சுற்றுவட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. சில கோடி ஆண்டுகளில் துணைக்குள்ளனின் ஹீலியம் வெள்ளைக் குள்ளன்மேல் கொட்டும், அந்தப் போர்வை பற்றி, அதிர்வு உள்ளே பாய்ந்து கார்பனையும் வெடிக்கவைக்கலாம் என்பது கணிப்பு. அப்போது வெடிக்கும் வெள்ளைக் குள்ளன் சந்திரசேகர் எல்லையை எட்டியிருக்காது.