கூரத்தின் மேல் பறக்கும் கேமரா

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் ஒரு சிவன் கோயில் எடுத்தான். வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்பது அதன் பெயர். தமிழகத்தில் கல்லால் கட்டப்பட்ட மிகப் பழைய கோயில்களுள் ஒன்றான இதன் கருவறை, பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட அமைப்பு உடையது. இக்கோயிலுக்கு மன்னன் அளித்த கொடையைக் கூரம் செப்பேடு பதிவு செய்கிறது. பரமேசுவர தடாகம் என்ற ஏரி வெட்டப்பட்டதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வழியே அதற்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டதையும் அது சொல்கிறது.

ஏரி, கால்வாய், வயல், ஊர் எல்லை எல்லாமே நிலத்தில் பரந்து கிடப்பவை. கருவறையின் வளைவைக் கீழே நின்று பார்ப்பவர் சுற்றிவந்துதான் உணர முடியும். மேலிருந்து பார்த்தால் இவை ஒரே நோக்கில் பிடிபடும். ஆனால் மொட்டை மாடி, பனைமரம், கோபுரம் இவற்றுக்கு மேலே போய்ப் பார்க்கும் வாய்ப்பு ஊர்க்காரர்களுக்கு அண்மைக்காலம் வரை இருந்ததில்லை.

கேமராவை மேலே ஏற்றும் முயற்சி மட்டும் பழையது. 1858இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நாதார் பலூனில் ஏறிப் பாரிஸ் அருகே படமெடுத்தார். 1888இல் அதே நாட்டின் ஆர்தர் பாத்யூ பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். இந்தியாவில் வான்படம் என்பது நில அளவைக்கும் ராணுவத்துக்கும் உரிய வேலையாகவே இருந்தது. பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகள் தடை விதித்தன.

பொழுதுபோக்காளர் கைக்கு இது வந்தது செல்போனின் புண்ணியத்தில். செல்போன்களுக்காகப் பெருமளவில் உற்பத்தியான சிறு உணரிகள், ஜிபிஎஸ் சில்லுகள், கேமராக்கள், எடை குறைந்த லித்தியம் பேட்டரிகள் ஆகியவை மலிந்தபோது நான்கு விசிறி கொண்ட ட்ரோன் சாத்தியமாயிற்று. இரண்டு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலேயே ட்ரோன் ஏறும், இறங்கும், திரும்பும். 2010இல் பிரான்சின் பாரட் நிறுவனம் செல்போனால் இயக்கும் ட்ரோனை அறிமுகம் செய்தது. 2013 ஜனவரியில் சீனாவின் டிஜேஐ நிறுவனத்தின் பேன்டம் வந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கவிடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. தமிழ்நாட்டில் இவ்வகைக் கருவி 'ஹெலிகேம்' என்ற பெயரில் முதலில் கல்யாண வீடுகளுக்கும் பிறகு கோயில் திருவிழாக்களுக்கும் வந்து சேர்ந்தது.

சட்டம் பின்னால் ஓடிவந்தது. 2014 மே மாதம் மும்பையில் ஓர் உணவகம் ட்ரோனில் பீட்சா அனுப்பிக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியார் ட்ரோன்களைத் தடை செய்தது. 2018 டிசம்பரில் அனுமதி முறை நடைமுறைக்கு வந்தாலும் படிவங்களும் கட்டணங்களும் மலைபோல் இருந்தன. 2021 ஆகஸ்ட் 25இல் வெளியான ட்ரோன் விதிகள் 25 படிவங்களை 5 ஆகக் குறைத்தன. 250 கிராம் வரை எடையுள்ளது 'நானோ', 2 கிலோ வரை 'மைக்ரோ' என வகுக்கப்பட்டது. நானோவுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் ஓட்டுநர் சான்று தேவையில்லை. வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் இடங்களில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. உதிரிபாகங்களுக்கு விலக்கு உண்டு. உள்நாட்டுத் தொழிலுக்குக் கைகொடுத்த இந்தத் தடை, பொழுதுபோக்காளரின் தேர்வைச் சுருக்கிவிட்டது.

ட்ரோனால் விளையும் நன்மைகளுக்குக் கூரமே சான்று. செப்பேடு பேசும் நீர்ப்பாசன நிலத்தை இன்றைய ஏரிகளோடும் வாய்க்கால்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க மேலிருந்து எடுத்த படம் உதவும். ஒரே இடத்தை ஆண்டுதோறும் படமெடுத்து வைத்தால் ஏரிக்கரையின் உடைப்பும் ஆக்கிரமிப்பும் தெரியும். சாரம் கட்டாமலே கோபுரத்தின் விரிசலையும் அதில் முளைத்த செடியையும் காணலாம். முன்பு ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தால்தான் கிடைத்த காட்சி இப்போது தோள்பையில் அடங்குகிறது.

தீமைகளும் குறைவல்ல. சிறிய ட்ரோன் ஒரு பேட்டரியில் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் பறக்காது. ஆடிக்காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். 250 கிராம் கருவி எம்மாத்திரம்? மின்கம்பி, பனைமட்டை, துரத்தும் பருந்து, தொடர்பு அறுந்த ரிமோட் என ஒவ்வொன்றும் அதை வீழ்த்தப் போதும். தேர்த்திருவிழாக் கூட்டத்தின்மேல் விழுந்தால் சுழலும் விசிறி காயப்படுத்தும். மொட்டை மாடியும் கொல்லைப்புறமும் வீட்டின் மறைவிடங்கள். அவற்றின்மேல் கேமரா பறப்பது அந்தரங்கத்தில் நுழைவதாகும். 2020 ஊரடங்கில் திருப்பூர் காவல்துறையின் ட்ரோனைக் கண்டு கேரம் ஆடியவர்கள் சிதறி ஓடிய காட்சி நாடெங்கும் சிரிப்பை மூட்டியது. மேலிருந்து பார்க்கப்படுவோரின் அச்சத்தையும் அது பதிவு செய்தது.

சத்தமும் ஒரு தொல்லை. இதே கூரத்தில் வாழ்ந்த வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வாரின் மாளிகைக் கதவு சாத்தும் ஓசை காஞ்சி வரதராசர் கோயிலில் கேட்டதாக வைணவ மரபு கூறும். அந்தக் கூரத்தின் பூசை வேளையில் விசிறிகளின் இரைச்சல் பொருந்தாது. வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் அது கூடுகட்டும் பறவைகளைக் கலைத்துவிடும். பச்சை மண்டலம் என்பது வான்வெளிக்கான அனுமதி மட்டுமே. காஞ்சி கைலாசநாதர் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதியைத் தனியே பெறவேண்டும்.

மண்டலங்களின் நிறமும் நிலையானதல்ல. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் தரையிலிருந்தே தொடங்கும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் தொடங்கும். இரண்டிலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அது இயங்கத் தொடங்கினால் காஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களின் வானம் இந்தத் தூரக் கணக்குப்படி மீண்டும் வகுக்கப்படும்.