சேரையும் பன்னும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் சமூக வரலாற்றுக்கு இரு சான்றுகள்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளையே நாடுவர். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்கள் ஒன்று, எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ போன்ற ஏட்டு மரபுகள் மற்றொன்று. குடிவழி பற்றிய வாய்மொழிக் கதைகள் பிறிதொன்று. இவை மூன்றும் மன்னரையும் போடிமாரையும் பள்ளிவாசல் நிருவாகத்தையும் நிலத்தையும் பற்றிப் பேசுவன. வீட்டு வளவினுள்ளும் ஊரின் மேற்குப்புறத் தாழ்நிலங்களிலும் உழைத்த பெண்களைப் பற்றி அவை மிகச் சிறிதே கூறுகின்றன. அவ்வுழைப்பின் வரலாற்றை வேறு வகைச் சான்றுகளிலிருந்தே நாம் பெறவேண்டியுள்ளது. அத்தகைய சான்றுகளாக இரு செடிகளை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, கிணற்றடியில் வளரும் சேரை. மற்றது, பாய் இழைக்கப் பயன்படும் பன்.

முதலில் பெயர் பற்றிய ஒரு முரணைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சேரையை எவரும் புல்லென்று கருதுவதில்லை. அது கறிவேப்பிலை, ரம்பை என்பவற்றோடு சேர்த்தெண்ணப்படும் வாசனைப் பூண்டு. பன்னையோ எல்லோரும் புல்லென்றே கொள்கின்றனர். தாவரவியல் இதற்கு மாறாகக் கூறுகிறது. சேரை, நெல்லும் கரும்பும் மூங்கிலும் அடங்கிய புற்குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டார் அதனை எலுமிச்சைப்புல் என வழங்குவது இவ்வகையிற் பொருத்தமே. பன், கோரைக் குடும்பத்தைச் சார்ந்தது. புற்களுக்குரிய கணுக்கள் அதன் தண்டில் இல்லை. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பகுத்தார். அப்பகுப்பின்படி தென்னையும் பனையும்கூடப் புல்லாகிவிடும். ஆகவே பகுப்பு என்பது இயற்கை தானே இட்ட கோடன்று. பகுப்பவரின் நோக்கு நிலையைப் பொறுத்தது. இவ்வுண்மை தாவரங்களுக்கு மட்டுமன்றி, எது பயன்பொருள், எது அலங்காரப் பொருள் என்ற பகுப்புக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

சேரை என்ற சொல் சங்கத் தமிழுக்கோ அறபுமொழிக்கோ உரியதன்று. சிங்களத்தில் அது ‘சேர’, மலாய்மொழியில் ‘செராய்’, யாவக மொழியில் ‘செரெ’. இவற்றிடையேயுள்ள ஒலியொப்புமை வெளிப்படையானது. சம்பல், சாறன், தொதல் ஆகிய சொற்களும் இதே கடல்வழியைக் காட்டுகின்றன. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களது ஆட்சிக்காலத்தில் பத்தாவியாவிலிருந்து படைவீரரும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆயின், சேரை அவர்களோடுதான் வந்ததென முடிவு கட்டுதல் அவசரமாகும். தம்பிரலிங்கத்துச் சந்திரபானு 1247இல் இலங்கைமீது படையெடுத்தமையே, தென்கிழக்காசியத் தொடர்பு ஒல்லாந்தருக்குப் பன்னூற்றாண்டுகள் முந்தியதென்பதற்குச் சான்று. சொல்லொற்றுமை தொடர்பை நிறுவுமேயன்றித் தொடர்பின் ஆண்டை நிறுவாது.

இச்சொல் நிறுவும் வேறோர் உண்மையே நமக்கு முக்கியமானது. தமிழர் வீட்டிலும் சோனகர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் இச்செடி ஒரே பெயரின் ஒலித்திரிபுகளால் வழங்கப்படுகிறது. போர்த்துக்கேயரின் நெருக்குதலால் 1626இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்து, அவர்களுள் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்குச் செல்ல, மலைநாட்டிலிருந்து பாக்கும் வாசனைப் பொருள்களும் தவளப் பொதிமாடுகளில் கரைக்கு வந்தன. இவ்வணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர். தனித்த இனத்தூய்மையைத் தேடி வரலாறு எழுதுவோர், ஒரே சட்டியில் வேகும் இவ்வாசனைகளுக்கு விளக்கம் கூற இயலாது இடர்ப்படுவர்.

சேரையின் வாழ்க்கைமுறையும் கவனத்திற்குரியது. பயிராக வளர்க்கப்படும் சேரை பூப்பது அரிது. விதையால் அது பெருகுவதில்லை. ஒரு பற்றையைப் பிரித்து, வேரோடு மற்றோரிடத்தில் ஊன்றுவதாலேயே அது பரவுகிறது. எனவே, இன்று ஒரு வளவில் நிற்கும் ஒவ்வொரு சேரைப் பற்றையும் இன்னொரு வளவிலிருந்து கைமாறி வந்ததேயாகும். இங்குக் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறை நினைவுகூரற்பாலது. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆய்ந்த மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். குடி தாய்வழியாகத் தொடர்கிறது. வீடும் வளவும் சீதனமாக மகளுக்குச் செல்கின்றன. மணமகனே மனைவியின் வீட்டுக்கு வருகிறான். இம்முறைமை இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. ஆகவே கிணற்றடி மண் பெண்ணின் உரிமைக்கு உட்பட்டது. அம்மண்ணில் எதை நடுவது, எவருக்கு வேர் கிள்ளிக் கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவளும் அவளே. தாயின் வளவிலிருந்து மகளின் வளவுக்கும், ஒரு வேலியின் கீழாக அயல்வீட்டுக்கும் செல்லும் சேரையின் பாதை, எந்த உறுதியிலும் எழுதப்படாத ஓர் உரிமைப் பாதையெனலாம்.

பன்னின் நிலை இதற்கு நேர்மாறானது. அது வளவில் வளர்வதன்று. சதுப்பிலும் குளத்தோரத்திலும் வாய்க்கால் முடிவிலும் வளர்வது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று என்ற பழைய பிரிவுகளின் தாழ்நிலங்கள் அதற்கு ஏற்ற இடங்கள். அந்நிலத்தின் உரிமை அரசிடமோ வயலுடைய போடியாரிடமோ இருந்தது. பன்னை வெட்டி, உலர்த்தி, சாயம் காய்ச்சி, பாயாக இழைத்த பெண்ணிடம் இல்லை. அவளுக்குரியன கையும் கண்ணும் நேரமுமே. சாயமிட்ட இழைகளை எண்ணிக் கோத்து, ஏட்டில் எழுதாத கணக்கொன்றை மனத்திற் கொண்டு அவள் கோலம் தீட்டினாள். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையிலும் முஸ்லிம் குடும்பங்களே கோரைப்பாய் நெய்து புகழ்பெற்றன. அப்பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பத்தமடையிற் பாவோட்டித் தறியில் நெய்யப்படுகிறது. இங்குத் தரையில் அமர்ந்து கையாலேயே இழைக்கப்படுகிறது. மருதமுனையில் ஆண்களும் ஈடுபட்ட கைத்தறி நெசவு ‘தொழில்’ என்ற பெயரைப் பெற்றது. அயலூர்ப் பெண்களின் பாய் இழைத்தலோ ‘ஓய்வுநேர வேலை’ என்றும், பின்னர்க் கண்காட்சிகளில் ‘அலங்காரக் கைப்பணி’ என்றும் பெயர்பெற்றது.

இங்கேதான் முற்கூறிய பகுப்பின் அரசியல் வெளிப்படுகிறது. பாய் அலங்காரத்திற்காகப் பிறந்ததன்று. குழந்தை கிடந்ததும், நோயாளி படுத்ததும், அவித்த நெல் காய்ந்ததும், மணமக்கள் அமர்ந்ததும் அதன்மேற்றான். கட்டில் கண்டிராத ஏழை வீட்டில் அது முதன்மைத் தளபாடம். பயன்பாடு குன்றிய பின்னரே, சுவரில் தொங்கவிடத்தக்க அழகுப்பொருளென அது கண்டுகொள்ளப்பட்டது. ஒரு பொருளை அலங்காரம் எனப் பெயரிடும்போது, அதன் பின்னுள்ள உழைப்பும் அவ்வுழைப்புக்குரிய கூலியும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. சேரையின் உழைப்பு சுவையில் மறைகிறது. பன்னின் உழைப்பு அழகில் மறைகிறது. இரண்டிலும் மறைக்கப்படுபவள் ஒருத்தியே.

இனி, இவ்விரண்டில் ஒன்று நிலைக்கவும் மற்றது தேயவும் காரணம் யாது? பிளாத்திக்குப் பாயின் வருகை ஒரு காரணமே. அதனை முழுக் காரணமாகக் கொள்ளுதல் மேலோட்டமான விளக்கமாகும். பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நீர்ப்பாசனம் பெருகிற்று. நெல் விளையக்கூடிய நிலமெல்லாம் விலைபெற்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கரையோர ஊர்கள் மேற்கே விரிய வழியின்றிக் குடிநெருக்கம் மிக்கனவாயின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை நீண்ட போரின்போது, மேற்குப்புற வயல்களுக்கும் தாழ்நிலங்களுக்கும் செல்வதே பல காலங்களில் உயிராபத்தாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. கரையிலிருந்து பெயர்க்கப்பட்டோருக்கு நிலம் தேடியபோது, வயலும் சதுப்பும் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. வீடிழந்தோருக்கு வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பன் வளர்ந்த பொதுநிலம் எவருடைய கணக்கிலும் சொத்தாகப் பதியப்படாமையால், அதன் இழப்பும் எவருடைய கணக்கிலும் பதியப்படவில்லை.

சேரை பிழைத்தது. முகாமிலிருந்து புதுவீட்டுக்குச் சென்றவளும் உறவினர் வளவிலிருந்து ஒரு வேரைப் பெற்று நட முடியும். அதற்கு ஒரு முழ நிலம் போதும். பன்னுக்கோ நீர் தேங்கும் நிலமும், அதிற் கால்வைக்கும் உரிமையும் வேண்டும். ஆகவே இவ்விரு செடிகளின் வேறுபட்ட கதி, தாவர இயல்பால் மட்டும் விளைந்ததன்று, நிலவுரிமையால் விளைந்தது. பெண்ணுக்கு உரிமையிருந்த மண்ணில் அவளது செடி நிலைத்தது. உரிமையில்லா மண்ணில் அவளது கலை தேய்ந்தது.

இம்முடிபு ஆய்வுலகுக்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கும் இக்காலத்தில், பாய்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைப்பது எளிது, வேண்டியதும்கூட. அதனினும் அவசரமானது, பன் வளர்ந்த இடங்களை ஊர்தோறும் வரைபடமாக்குவதும், இழைக்கத் தெரிந்த மூத்த பெண்களின் எண்ணுமுறையையும் கோலப் பெயர்களையும் அவர்கள் வாயாற் கேட்டுப் பதிவதும், எஞ்சிய சதுப்பில் பன் வெட்டும் உரிமையை வாழ்வாதார உரிமையாக ஏற்கச் செய்வதுமாம். பாயைக் காப்பாற்ற விரும்புவோர் முதலிற் காக்கவேண்டியது அதன் நிலத்தையே.