புகைத்தல் நிறுத்தத்திற்குப் பிந்தைய எடை கூடலும் மருந்துகளும்

புகைத்தல் நிறுத்தத்திற்குப் பிந்தைய எடை கூடல் என்பது சிகரெட், பீடி முதலியவற்றைப் புகைக்கும் பழக்கத்தைக் கைவிட்டவர்களின் உடல் எடை அடுத்து வரும் மாதங்களில் உயர்வதைக் குறிக்கும். உடலுக்கு நிக்கோட்டின் கிடைக்காமல் போவதே இதன் முதன்மைக் காரணம் ஆகும். இவ்வாறு கூடும் எடையைக் கட்டுப்படுத்தப் பல மருந்துகள் ஆராயப்பட்டுள்ளன. நிக்கோட்டின் மாற்று மருந்துகள், புப்ரோப்பியான், வரெனிக்லின் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இம்மூன்றும் அடிப்படையில் புகைப்பதை நிறுத்த உதவும் மருந்துகள். எடை கூடுவதைச் சிறிதளவு குறைப்பதும் சில காலம் தள்ளிப்போடுவதும் இவற்றின் துணைப் பயன்கள் மட்டுமே. எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் பலர் பழக்கத்தைக் கைவிடத் தயங்குவதாலும், கைவிட்ட சிலர் மீண்டும் புகைக்கத் தொடங்குவதாலும் இப்பொருள் மருத்துவத் துறையில் கவனம் பெறுகிறது.

காரணங்கள்

நிக்கோட்டின் இரு வழிகளில் எடையைக் குறைத்து வைக்கிறது. முதலாவதாக, அது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைக் கூட்டுகிறது. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாளில் 24 சிகரெட்டுகள் புகைத்தவர்களின் ஆற்றல் செலவு, அவர்களே புகைக்காமல் இருந்த நாளை விடச் சுமார் 10 விழுக்காடு அதிகமாக இருந்தது. இரண்டாவதாக, மூளையில் பசியை நெறிப்படுத்தும் ஐப்போதலாமசு என்னும் பகுதியின் நரம்பணுக்களைத் தூண்டிப் பசியை அடக்குகிறது. புகைப்பதை நிறுத்தியதும் இவ்விரு விளைவுகளும் மறைகின்றன. அத்துடன் நாவின் சுவையும் மூக்கின் மணமறியும் திறனும் மீள்வதாலும், கைக்கும் வாய்க்கும் பழகிய செயலுக்கு மாற்றாகத் தின்பண்டங்களை நாடுவதாலும் உணவின் அளவு கூடுகிறது.

புகைப்பவர்கள் பொதுவாக எடை குறைந்தவர்களாக இருப்பினும், அவர்களின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் போக்கு மிகுதி. எனவே புகைத்தல் உடலை "மெலிவாக வைக்கும்" என்ற கருத்து முழுமையானது அன்று. இக்கருத்தைப் புகையிலை நிறுவனங்கள் விளம்பரங்களில் பயன்படுத்திக்கொண்டன. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட், இனிப்புக்குப் பதிலாகத் தன்னை நாடும்படி பெண்களை நோக்கி விளம்பரம் செய்தது.

எடை கூடும் அளவு

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, மருந்து எதுவும் இன்றிப் புகைப்பதை நிறுத்தியவர்களின் சராசரி எடைக் கூடுதல் பின்வருமாறு:

1 மாதத்தில் - 1.12 கி.கி
3 மாதங்களில் - 2.85 கி.கி
6 மாதங்களில் - 4.23 கி.கி
12 மாதங்களில் - 4.67 கி.கி

கூடுதலின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்கிறது. சராசரி எண் எல்லோருக்கும் பொருந்தாது. ஓராண்டு முடிவில் சுமார் 16 விழுக்காட்டினரின் எடை குறைந்திருந்தது. சுமார் 13 விழுக்காட்டினருக்கு 10 கி.கி-க்கு மேல் கூடியிருந்தது.

மருந்துகள்

நிக்கோட்டின் மாற்று மருந்துகள்: சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, வாயில் கரையும் மாத்திரை ஆகிய வடிவங்களில் கிடைக்கின்றன. புகையில் உள்ள தார், கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுகள் இன்றி நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் தருகின்றன. மருந்தைப் பயன்படுத்தும் காலத்தில் எடைக் கூடுதல் சராசரியாக அரைக் கி.கி அளவுக்குக் குறைகிறது.

புப்ரோப்பியான்: மனச்சோர்வுக்கான மருந்தாக அறிமுகமாகி, 1997இல் அமெரிக்காவில் புகைத்தல் நிறுத்தத்திற்கு ஏற்கப்பட்டது. சிகிச்சைக் காலத்தில் எடைக் கூடுதலைச் சுமார் 1 கி.கி குறைக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களும் உணவு உண்ணல் கோளாறு உள்ளவர்களும் இதனைப் பயன்படுத்தக் கூடாது.

வரெனிக்லின்: மூளையின் நிக்கோட்டின் ஏற்பிகளில் பகுதியளவு செயல்படும் மருந்து. 2006இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 8,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வில், புகைப்பதை நிறுத்த உதவுவதில் இது புப்ரோப்பியானையும் நிக்கோட்டின் பட்டையையும் விடச் சிறந்து விளங்கியது. ஆனால் எடை மீதான இதன் விளைவு மிகச் சிறியது.

புளுவாக்சிடின் என்னும் மனச்சோர்வு மருந்தும் சிகிச்சைக் காலத்தில் சுமார் 1 கி.கி குறைப்பைக் காட்டியது. எனினும் புகைத்தல் நிறுத்தத்திற்கு அது பயனளிப்பதாக நிறுவப்படவில்லை.

இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மருந்தை நிறுத்திய பின்னர் எடை மீது அவை ஏற்படுத்திய விளைவு பெரிதும் தேய்ந்துவிடுகிறது. ஓராண்டு முடிவில் தெளிவான வேறுபாடு நிலைப்பதாக கொக்ரேன் தொகுப்பாய்வுகளில் உறுதிப்படவில்லை. ஆகவே எடைக்காக மட்டும் இவை பரிந்துரைக்கப்படுவதில்லை.

கைவிடப்பட்ட மருந்துகள்

எடையைக் குறைக்கப் பயன்பட்ட மருந்துகளும் புகைப்பதை நிறுத்தியவர்களிடம் சோதிக்கப்பட்டன. டெக்சுபென்புளுரமின் இதய வால்வுப் பாதிப்பின் காரணமாக 1997இல் அமெரிக்கச் சந்தையில் இருந்து விலக்கப்பட்டது. பினைல்புரோப்பனோலமின் மூளை இரத்தக்கசிவு இடரின் காரணமாக 2000 முதல் அங்கு விலக்கப்பட்டது. புகைத்தல், உடற்பருமன் ஆகிய இரண்டுக்கும் ஒரே மருந்தாக எதிர்பார்க்கப்பட்ட ரிமோனபான்ட் 2006இல் ஐரோப்பாவில் உடற்பருமனுக்கு ஏற்கப்பட்டது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றும் இடர் இருந்தமையால் 2008இல் அங்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2009இல் தடை செய்யப்பட்டது.

புதிய மருந்துகள்

நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் தரப்படும் சிஎல்பி-1 வகை மருந்துகள் அண்மையில் ஆராயப்படுகின்றன. சுவிட்சர்லாந்தில் 255 பேரிடம் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், வரெனிக்லினுடன் டூலாகுளுடைடு ஊசியும் பெற்றவர்களின் எடை 12 வாரங்களில் சுமார் 1 கி.கி குறைந்தது, வெற்று ஊசி பெற்றவர்களுக்குச் சுமார் 2 கி.கி கூடியது. ஆயினும் புகைப்பதை நிறுத்தியவர்களின் விழுக்காடு இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஊசியை நிறுத்திய பின் ஓராண்டு முடிவில் எடையிலும் வேறுபாடு காணப்படவில்லை.

நன்மை தீமை ஒப்பீடு

எடை கூடுவதால் நீரிழிவு இடர் சில ஆண்டுகளுக்கு உயரக்கூடும். அமெரிக்காவில் மூன்று பெரிய குழுக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், இவ்விடர் புகைப்பதை நிறுத்திய 5 முதல் 7 ஆண்டுகளில் உச்சத்தை அடைந்து பின்னர் படிப்படியாகக் குறைந்தது. எடை கூடாதவர்களிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை. அதே ஆய்வில், 10 கி.கி-க்கு மேல் எடை கூடியவர்களுக்குக் கூட இறப்பு இடர், தொடர்ந்து புகைத்தவர்களுக்கு இருந்ததில் சுமார் பாதியாகவே இருந்தது. எனவே எடையைக் கருதி மீண்டும் புகைக்கத் தொடங்குவது எவ்வகையிலும் நன்மை தராது.

மருந்தில்லா வழிமுறைகளுள் உடற்பயிற்சி குறிப்பிடத்தக்கது. தொடக்க வாரங்களில் அதன் விளைவு தெரிவதில்லை. ஆனால் ஓராண்டு முடிவில் எடைக் கூடுதல் சுமார் 2 கி.கி குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

பிற மருந்துகளில் கவனம்

புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலின் நொதி ஒன்றைத் தூண்டிச் சில மருந்துகளை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் தியோபிலின், குளோசபின், ஓலன்சபின் போன்றவற்றின் அளவு இரத்தத்தில் உயரலாம். ஓலன்சபின் தானே எடையைக் கூட்டும் மருந்தாகும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீனும் உடலில் கூடுதல் நேரம் தங்கும். எனவே தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள், குறிப்பாக இன்சுலின் எடுப்பவர்கள், புகைப்பதை நிறுத்துவதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

உலக வயதுவந்தோர் புகையிலை அளவாய்வின்படி, இந்தியாவில் புகைப்பவர்கள் 2009-10இல் 14.0 விழுக்காடாக இருந்து 2016-17இல் 10.7 விழுக்காடாகக் குறைந்தனர். மறுபுறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாகக் கணித்தது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், இந்தியாவில் உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே அதிக எடை எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ-க்குள் இருத்தல் நன்று. ஆதலால் மேலைநாடுகளில் சிறிதெனக் கருதப்படும் 4 முதல் 5 கி.கி கூடுதலும் இங்கு இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கத் தக்க காரணமாகிறது.

நிக்கோட்டின் மாற்று மருந்துகள் 2022இல் இந்தியத் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புப்ரோப்பியான், வரெனிக்லின் ஆகியவற்றுக்கு மருத்துவரின் சீட்டு தேவை. 2002இல் உலக சுகாதார அமைப்பின் ஆதரவுடன் நாட்டில் தொடங்கப்பட்ட புகையிலை நிறுத்த மையங்களுள் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 2016இல் தொடங்கப்பட்டது. 2018 முதல் சிகரெட் பெட்டிகளில் அச்சிடப்பட்டு வருகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தொழிற்சாலைப் பகுதி போன்ற இடங்களில் முறைப்பணி (ஷிப்ட்) பரவலாக உள்ளது. இரவுப் பணி உறக்கத்தையும் பசியையும் குலைத்துத் தானே எடையைக் கூட்டக்கூடியது. பணி இடைவேளையில் தேநீருடன் புகைத்துப் பழகியவர், புகையை விட்டபின் அவ்விடத்தை மற்றொரு தேநீராலும் வடையாலும் நிரப்புவது இயல்பு. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இட்ட தேநீர் நாளொன்றுக்கு ஐந்து கூடினால், சர்க்கரையில் இருந்து மட்டும் சுமார் 160 கிலோகலோரி கூடுகிறது. சர்க்கரை இல்லாத தேநீர், வேகவைத்த சுண்டல், இடைவேளையில் சிறு நடை ஆகியன இக்கூடுதலைத் தவிர்க்க உதவும். மருந்தின் விளைவு அது நிறுத்தப்பட்டதும் தேய்ந்துவிடுவதால், மருந்து எடுக்கும் மூன்று மாத காலத்திற்குள் இப்பழக்கங்களை உறுதிப்படுத்திக்கொள்வது பயன் தரும்.